குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வேலூர் மாவட்டம் குடியாத்தம் நகரில் ஆண்டுதோறும் வைகாசி முதல் நாள் (மே 14 அல்லது 15) நடைபெறும் விழா. ரேணுகையாகக் கருதப்படும் அம்மனின் சிரசு தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டு, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலில் சண்டாளச்சியின் உடலோடு பொருத்தப்படுவது இதன் மைய நிகழ்வு. அந்த ஒரு நாள் மட்டுமே தலையும் உடலும் சேர்ந்திருக்கும். அன்று இரவே சிரசு பிரித்தெடுக்கப்பட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். பாலாற்றுப் பகுதியின் பெரிய மக்கள் கூடுகைகளில் ஒன்றான இவ்விழாவுக்குத் தமிழகத்திலிருந்தும் ஆந்திர, கர்நாடக எல்லைப் பகுதிகளிலிருந்தும் லட்சக்கணக்கானோர் வருகின்றனர்.

ஊரும் ஆறும்

குடியாத்தம் வேலூருக்கு மேற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த நகரம். கைத்தறி லுங்கி, தீப்பெட்டி, பீடி ஆகிய மூன்று தொழில்களால் அறியப்பட்டது. 1954-ல் முதலமைச்சரான காமராஜர் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குச் சென்றது இந்தத் தொகுதியிலிருந்துதான். மேற்கே பேரணாம்பட்டும் தென்மேற்கே ஆம்பூரும் அதற்கப்பால் வாணியம்பாடியும் தோல் பதனிடும் ஊர்கள். குடியாத்தம் அந்தத் தோல் வட்டாரத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள நெசவு ஊர் என்று சொல்லலாம்.

ஆந்திர மலைகளில் தோன்றும் கவுண்டன்ய மகாநதி மோர்தானா வழியாக வந்து நகருக்குள் நுழைந்து, பின்னர் பாலாற்றில் கலக்கிறது. பெயரில் மகாநதி என்றாலும் ஆண்டின் பெரும்பகுதி இது மணல்தான். சித்திரை, வைகாசியில் சொட்டுத் தண்ணீரும் இருக்காது. அந்த வறண்ட ஆற்றுப்படுகைதான் திருவிழாவின் திடல். ராட்டினமும் வளையல் கடையும் பொரிக்கடையும் அங்கே வந்து சேர்கின்றன. இரவு வாணவேடிக்கையும் அங்கேதான். தண்ணீரின் பெயரைத் தாங்கிய தெய்வத்தின் விழா தண்ணீர் இல்லாத ஆற்றில் நடப்பதை ஊரார் முரணாக நினைப்பதில்லை. கங்கையை அழைக்க வேண்டிய காலம் கோடைதான். அம்மை போட்ட காலமும் கோடைதான்.

தொன்மம்

ரேணுகையின் கதை மகாபாரதத்தின் வனபர்வத்தில் சுருக்கமாக வருகிறது. ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகை நீராடச் சென்ற இடத்தில் சித்திரரதன் என்ற மன்னன் நீர்விளையாட்டில் ஈடுபட்டிருப்பதைக் கண்டு மனம் தடுமாறுகிறாள். அதை அறிந்த முனிவர் அவளைக் கொல்லும்படி மகன்களிடம் சொல்கிறார். மூத்தவர்கள் நால்வரும் மறுத்துச் சாபம் பெறுகின்றனர். இளையவனான பரசுராமன் தாயின் தலையைக் கோடரியால் வெட்டுகிறான். தந்தை வரம் தர, தாய் உயிர்பெற வேண்டும், நடந்தது அவள் நினைவில் இருக்கக் கூடாது என்று கேட்கிறான். அவள் எழுந்துவிடுகிறாள். சமஸ்கிருதக் கதையில் இவ்வளவுதான். அங்கே தலை மாறுவதில்லை, வேறொரு பெண்ணும் இல்லை.

தென்னாட்டு வாய்மொழிக் கதை இதை வேறொன்றாக மாற்றியது. ரேணுகை நாள்தோறும் ஆற்று மணலையே குடமாகப் பிடித்து நீர் மொண்டு வரும் கற்புடையவள். ஒருநாள் வானில் சென்ற கந்தர்வனின் நிழலை நீரில் கண்டு ஒரு நொடி வியந்தாள். குடம் உடைந்தது. மகன் வெட்ட வரும்போது அவள் ஓடிப்போய்ச் சேரிப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறாள், அல்லது அந்தப் பெண் குறுக்கே வந்து தடுக்கிறாள். கோடரி இருவர் தலையையும் வீழ்த்துகிறது. வரம் பெற்ற பரசுராமன் அவசரத்தில் தாயின் தலையை மற்றவள் உடலோடு சேர்த்துவிடுகிறான். இப்படி எழுந்தவளே மாரியம்மன், எல்லையம்மன், கெங்கையம்மன் என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரில் வழிபடப்படுகிறாள்.

இக்கதை பிரெஞ்சு மொழியிலும் அச்சில் ஏறி உலகத்துக்குச் சென்றது. பியர் சொன்னரா என்ற இயற்கையியலாளர் 1782-ல் வெளியிட்ட கிழக்கிந்தியப் பயண நூலில் மாரியம்மனின் கதையாக இதை எழுதினார். அதில் மகன் தாயின் தலையைப் பொருத்துவது மரண தண்டனை பெற்ற ஒரு பறைச்சியின் உடலில். இந்நூலைப் படித்த ஜெர்மானியக் கவிஞர் கதே பல ஆண்டுகள் அந்தக் கதையை மனத்தில் வைத்திருந்து, 1824-ல் 'பரையா' என்ற தலைப்பில் மூன்று பகுதிக் கவிதையாக வெளியிட்டார். பிராமணத் தலையும் தீண்டப்படாதவளின் உடலும் கொண்ட தெய்வம் கீழோரின் குறையை மேலே கொண்டுசெல்வாள் என்பது கதே கண்ட பொருள். தென்னாட்டுக் கிராமத்துக் கதை ஐரோப்பாவின் பெரும் கவிஞர் ஒருவரின் மேசைக்குப் போய்ச்சேர்ந்த வழி இது. சென்னை பிஷப்பாக இருந்த ஹென்றி வைட்ஹெட் தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி 1916-ல் வெளியிட்ட நூலிலும் இந்தக் கதை உண்டு. அதில் தலை மாறி எழுந்த இரு பெண்களும் இரு தெய்வங்களாகிறார்கள். பிராமணத் தலையுடையவள் ஒருத்தி, பிராமண உடலுடையவள் மற்றொருத்தி.

தலை மாறிய கதை இந்தியாவில் வேறொன்றும் உண்டு. வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்கும் கதைகளில், கணவனின் தலையும் நண்பனின் தலையும் உடல் மாறிப் பொருந்திவிட, யார் கணவன் என்ற கேள்வி வருகிறது. தலை உள்ளவனே கணவன், உறுப்புகளில் முதன்மையானது தலை என்று அரசன் தீர்ப்புச் சொல்கிறான். எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்ற பழமொழியும் அதையே சொல்கிறது. தாமஸ் மன் 1940-ல் எழுதிய குறுநாவலும் இந்த வேதாளக் கதையிலிருந்து வந்ததே. ஆனால் குடியாத்தத்தில் நடப்பது அரசனின் தீர்ப்போடு முழுதும் ஒத்துப்போவதில்லை. அது கீழே பேசப்படுகிறது.

கங்கை என்ற பெயர்

கெங்கையம்மன் என்ற பெயரைத் தமிழகத்தின் தெற்கே அதிகம் கேட்க முடியாது. பழைய வடஆற்காட்டிலும் அதை ஒட்டிய சித்தூர், கோலார்ப் பகுதிகளிலும் கங்கம்மா, கெங்கம்மா, கெங்கையம்மன் என்று எங்கும் இருக்கிறாள். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்படும் வரை திருப்பதியும் சித்தூரும் குடியாத்தமும் வடஆற்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. கோடு பின்னால் போடப்பட்டது, தெய்வம் முன்பே இருபுறமும் இருந்தது. திருப்பதி தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை, குப்பம் கங்கம்மா ஜாத்திரை ஆகியவையும் இதே கோடைகாலத்தில்தான் நடைபெறுகின்றன. சிரசு ஊர்வலம் குப்பத்திலும் உண்டு. வேலூர் நகரை ஒட்டிய சத்துவாச்சாரி முதலிய பாலாற்றங்கரை ஊர்களிலும் சிறிய அளவில் சிரசு விழாக்கள் உள்ளன.

திருப்பதி ஜாத்திரையை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அங்கே கதையே வேறு. பெண்களைச் சீரழித்த ஒரு பாளையக்காரனைத் தேடி கங்கம்மா நாளுக்கொரு வேடத்தில் வருகிறாள். கடைசியில் அவன் தலையை அறுக்கிறாள். ஆண்கள் பெண்வேடம் பூண்டு தெருக்களில் செல்கின்றனர். அங்கே வெட்டப்படுவது பகைவனின் தலை. குடியாத்தத்தில் வெட்டுப்பட்டது அம்மனின் தலை. ஒரே பெயர், ஒரே பருவம், இரண்டிலும் ஒரு தலை. ஆனால் ஒன்று பழிவாங்கிய கதை, மற்றொன்று பழிவாங்கப்பட்டவளின் கதை. மலைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் மக்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள் என்றே கருத வேண்டியிருக்கிறது.

ரேணுகை வழிபாட்டின் பெரிய தலமான படவேடு ரேணுகாம்பாள் கோயில் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. மகாராஷ்டிரத்தின் மாகூரிலும் ரேணுகை முகமாக மட்டுமே வழிபடப்படுகிறாள். தலையை மட்டும் வழிபடும் மரபு பரவலானது. தலையைக் கொண்டுபோய் ஓர் உடலில் சேர்ப்பதைப் பெருவிழாவாக நடத்துவது இந்த வட்டாரத்தின் தனித்தன்மை.

விழா

சித்திரையின் பிற்பகுதியில் பால்கம்பம் நடுதலுடன் விழா தொடங்கும். காப்புக் கட்டுதல், அம்மன் திருக்கல்யாணம் ஆகியவை தொடரும். சித்திரையின் கடைசி நாள் தேரோட்டம். பக்தர்கள் தேர்மீது உப்பும் மிளகும் இறைத்து வேண்டிக்கொள்வார்கள். அம்மைக் கொப்புளம் மிளகுபோல் எழுந்து உப்புபோல் கரைய வேண்டும் என்ற பழைய வேண்டுதல் இது. பெரியம்மை இந்தியாவில் 1975-க்குப் பின் இல்லை. உப்பும் மிளகும் இன்றும் விற்கின்றன.

மறுநாள் வைகாசி முதல் நாள் அதிகாலையில் சிரசு முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்படுகிறது. பெரிய முகம், அதன்மேல் அடுக்கடுக்காக மாலைகள். சிறிது தூரத்திலேயே மாலைகளுக்கு நடுவே கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும் நிலை வந்துவிடும். வழியெல்லாம் வேண்டுதல்காரர்கள் தெருவில் தேங்காய் உடைக்கின்றனர். தேங்காய்த் துண்டுகளைப் பொறுக்க ஒரு கூட்டம், சிதறும் ஓட்டிலிருந்து முகத்தைக் காத்துக்கொள்ள ஒரு கூட்டம். மாடிகளிலும் மதில்களிலும் ஆட்கள். நடந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாத தூரத்தைக் கடக்கச் சிரசுக்குப் பல மணி நேரமாகிறது.

கோபாலபுரம் கோயிலில் சிரசு சண்டாளச்சியின் உடலில் பொருத்தப்படுகிறது. அதன்பின் கண் திறப்பு. அதுவரை வந்தது சிரசு, அதற்குப்பின் இருப்பது அம்மன். பகல் முழுதும் மக்கள் வரிசையில் வந்து வணங்குகின்றனர். இரவில் சிரசு உடலிலிருந்து எடுக்கப்பட்டு, ஆற்றோரம் சுண்ணாம்புப்பேட்டை சலவைத்துறைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து முத்தியாலம்மன் கோயிலுக்குத் திரும்புகிறது. ஆற்றில் வாணவேடிக்கை நடக்கும். சில நாட்களுக்குப் பின் புஷ்பப் பல்லக்கு, விடையாற்றியுடன் விழா முடியும்.

சலவைத்துறைக்குச் செல்வதற்கும் கதையில் இடம் உண்டு. ரேணுகைக் கதையின் வடதமிழக வடிவங்கள் சிலவற்றில் உடல் முழுதும் கொப்புளத்தோடு வேப்பிலையை உடுத்தி வந்தவளுக்குத் துணி கொடுத்தவர் வண்ணார். மாவும் வெல்லமும் கொடுத்துப் பசியாற்றியது சேரி. ஆடிக் கூழுக்கும் பானகத்துக்கும் மக்கள் சொல்லும் காரணம் இதுவே.

கலைகள்

சிரசுக்கு முன்னால் செல்பவை பம்பை, உடுக்கை, சிலம்பாட்டம், புலியாட்டம். பம்பை வடதமிழகத்தின் அம்மன் வழிபாட்டுக்கு இன்றியமையாத இசைக்கருவி. இரட்டை முழவு, ஒன்று மரத்தாலும் மற்றொன்று பித்தளையாலும் ஆனது. வர்ணிப்புப் பாடி அம்மனை அழைப்பவர் பம்பைக்காரரே. அவர் அடிக்க அடிக்கத்தான் அருள் வரும். மேளத்துக்கு ஏற்ப ஆடுபவர்களில் பெரும்பாலோர் கலைஞர்கள் அல்லர், ஊரார்.

புலிவேடத்துக்குத் தனி வரலாறு உண்டு. உடலெங்கும் மஞ்சள் வண்ணமும் கருங்கோடுகளும் தீட்டி வாலைக் கட்டிக்கொண்டு ஆடும் இந்த ஆட்டம் இன்று அம்மன் விழாக்களில் காணப்பட்டாலும், 19ஆம் நூற்றாண்டில் தக்காணத்திலும் தமிழகத்திலும் மொகரம் ஊர்வலங்களில் சிறப்பாக ஆடப்பட்டது. ஜாபர் ஷரீப் எழுத, ஜி. ஏ. ஹெர்க்லாட்ஸ் மொழிபெயர்த்து 1832-ல் லண்டனில் வெளிவந்த நூல் மொகரத்தின் வேடங்களுள் புலியையும் சேர்க்கிறது. நவாபுகள் ஆண்ட ஆற்காட்டு நிலத்தில், இஸ்லாமியத் தோல் வணிகர்கள் மிகுந்த ஊர்களுக்கு நடுவே, ஒரே புலி இரண்டு ஊர்வலங்களிலும் நடந்திருப்பதில் வியப்பில்லை.

உடல் யாருடையது

விழாவின் பெயர் சிரசுத் திருவிழா. சிரசே பிரதானம் என்ற எண்ணம் பெயரிலேயே உள்ளது. ஆனால் நிகழ்வைக் கவனித்தால் வேறொன்று தெரிகிறது. உடல் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. தலைதான் ஊரெல்லாம் சுற்றி உடலிடம் வருகிறது. முனிபத்தினியின் தலைக்குத் தனியே கண் திறப்பதில்லை. தாழ்த்தப்பட்டவளின் உடலில் அமர்ந்த பின்பே திறக்கிறது. வேதாளத்தின் கேள்விக்கு விக்கிரமாதித்தன் சொன்ன விடையைக் குடியாத்தம் பாதிதான் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதைச் சமத்துவத்தின் சான்றாக எடுத்துக்கொள்வதும் எளிது, தவறும்கூட. கதையில் ரேணுகைக்குப் பெயரும் கணவனும் மகனும் உண்டு. அடைக்கலம் தந்து வெட்டுப்பட்டவளுக்குப் பெயரில்லை. சாதியே அவளுடைய பெயர். ரேணுகையின் உயிருக்காக வரம் கேட்டவன் இவளுக்காகக் கேட்கவில்லை. உதவிக்கு வந்தவளின் உடல் எடுத்துக்கொள்ளப்பட்டது. அவள் தலை என்ன ஆயிற்று என்று பெரும்பாலான வடிவங்கள் சொல்வதும் இல்லை. வைட்ஹெட் பதிவுசெய்த வடிவம் அவளையும் தெய்வமாக்குகிறது என்பது ஒரு விதிவிலக்கு.

'சண்டாளச்சி' என்ற சொல்லும் அப்படித்தான். சண்டாளர் தமிழகத்தின் பட்டியல் சாதிகளுள் ஒன்று. பேச்சுவழக்கில் அது வசைச்சொல். 2024-ல் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம் இச்சொல்லைப் பொதுவெளியில் இழிவாகப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்தியது. விழாவில் அது வசையாக ஒலிப்பதில்லை. தேங்காய் உடைப்பவர்கள் பக்தியோடுதான் சொல்கிறார்கள். அதே சொல்லை மறுநாள் தெருச்சண்டையில் கேட்கலாம்.

இந்த வட்டாரத்தில் இந்தக் கதைக்குக் கூடுதல் எடை ஏறுவது தோலால். பழைய கிராம ஒழுங்கில் இறந்த மாட்டை அகற்றுவதும் உரிப்பதும் சேரியின் கடமையாகவும் உரிமையாகவும் இருந்தன. தீண்டாமைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் சென்னை வழியாக லண்டன் சந்தைக்குச் சென்றபோது, ஊர் ஒதுக்கிய பொருள் ஊரின் செல்வமானது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தொழிற்சாலைகளின் சுண்ணாம்புத் தொட்டியிலும் பதனிடும் குழியிலும் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பின்னர் காலணித் தொழிற்சாலைகள் வந்தபோது பெண்கள் பெருமளவில் வேலைக்குச் சேர்ந்தனர். அடைக்கலம் தந்தவளின் உடலில் எழுந்த அம்மனைக் காண வரும் கூட்டத்தில் அவர்களும் நிற்கிறார்கள். சிரசுக்கு முன்னால் அதிரும் பறையும் பம்பையும் தோலே.

தோலின் செல்வத்துக்கு ஆறும் விலை கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தபோது, தொழிற்சாலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வைக் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று இத்தீர்ப்பு உறுதிசெய்தது. சூழலியல் சட்டம் படிக்கும் மாணவர் எல்லோருக்கும் வேலூர் என்ற பெயர் தெரிவதும் இதனாலேயே. ரேணுகை குடம் பிடித்த ஆற்று மணலும் இப்போது பாலாற்றில் முன்புபோல் இல்லை. லாரிகளில் போய்விட்டது.

அண்மைக்காலம்

கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளது. ஊர் நாட்டாண்மை, விழாக் குழுவினர் ஆகியோரும் விழாவை நடத்துவதில் பங்கேற்கின்றனர். சிரசு நாளில் உள்ளூர் விடுமுறை, சிறப்புப் பேருந்துகள், பெரும் காவல் ஏற்பாடு ஆகியவை வழக்கமாகிவிட்டன. 2019 நவம்பர் 28-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரில் தங்கின. சிரசுக்கு வருபவர்களிடம் அதனால் மாற்றம் ஏற்படவில்லை.

2020, 2021 இரு ஆண்டுகளிலும் வைகாசி முதல் நாள் கொரோனா ஊரடங்குக் காலத்தில் வந்தது. லட்சம் பேர் கூடும் ஊர்வலத்துக்கு வழியில்லாமல் போனது. நோய் வந்தால் அம்மனிடம் கூட்டமாகப் போவது இந்த விழாவின் பழைய தர்க்கம். அந்த ஆண்டுகளில் நோய் வந்ததாலேயே கூட்டம் கூடக் கூடாது என்றானது. முதியவர்களுக்கு இது எளிதில் விளங்கவில்லை. 2021 நவம்பரில் ஆந்திர மலைகளில் பெய்த கனமழையால் மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கவுண்டன்ய மகாநதியில் பெருவெள்ளம் வந்தது. கரையோர வீடுகளுக்குள் நீர் புகுந்தது. ராட்டினம் சுற்றும் மணல்திட்டு முழுதும் தண்ணீருக்கடியில் கிடந்தது. ஆறு மாதம் கழித்து, 2022 வைகாசியில், சிரசு மீண்டும் தரணம்பேட்டையிலிருந்து கூட்டத்துக்கு நடுவே புறப்பட்டது.